அடைக்கலம் வைத்த வண்டி

என் தந்தையார் திருச்சி நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். 1968ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் வெளிர்நீல நிறத்தில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் வாங்கினார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. உறையூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் அதுதான் முதல் கார். சென்னைக்கு அருகே வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1961 முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தயாரித்த வண்டி அது. நம் மண்ணில் செய்த வண்டி என்பதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை.

வாங்கிய மறுநாளே வயலூருக்குப் போனோம். வாரியார் சுவாமிகள் தம் சொற்பொழிவுகளில் நினைத்து நினைத்து உருகிய அந்த வயலூர் முருகன்தான் எங்கள் குடும்பத்துக்கு எல்லாம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, மாலை சாற்றி, குருக்கள் கற்பூரம் காட்டினார். இயந்திரத்துக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று அப்பா முன்மூடியைத் திறந்தார். ஹெரால்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மற்ற கார்களைப் போல அதன் மூடி மட்டும் தூக்கிக்கொள்ளாது. விளக்குகள், சக்கரங்களின் மேல்தகடுகள் உட்பட முன்பக்கம் முழுவதும் ஒன்றாக முன்னால் சாய்ந்து தரையைத் தொடுவதுபோல் குனியும். அதைக் கண்ட குருக்கள், "அடடே, வண்டியே நமஸ்காரம் பண்றதே!" என்று சிரித்தார். இதை அப்பா எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. அன்று கோயில் வாசல் கடையில் வாங்கிய, உள்ளங்கை அகலமுள்ள பித்தளைச் சட்டமிட்ட முருகன் படம் ஒன்றை ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே பதித்தார். அதன்பின் ஒவ்வொரு கிருத்திகைக்கும் வயலூர்ப் பயணம் தவறியதில்லை.

இரண்டு கதவுகள் மட்டுமே கொண்ட வண்டி. முன் இருக்கையை மடக்கினால்தான் பின்னால் ஏற முடியும். அம்மா முன்னால் அமர, நாங்கள் மூன்று பிள்ளைகளும் பாட்டியும் பின்னால் நெருக்கிக்கொண்டு சமயபுரம், திருவானைக்காவல், குணசீலம், திருப்பட்டூர் என்று சுற்றினோம். பாட்டியைப் பின்னிருக்கையிலிருந்து இறக்குவதே ஒரு திருவிழா.

அப்பா 1996இல் காலமானார். நான் வங்கிப் பணியில் ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டிருந்தேன். அம்மா இருந்தவரை வண்டி உறையூரிலேயே நின்றது. 2004இல் அம்மாவும் போன பிறகு வீட்டை விற்றோம். வண்டியை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோது, என் அத்தை மகன், எங்கள் எல்லோருக்கும் மூத்த அத்தான், முன்வந்தார். திருவானைக்காவலில் அவருக்கு நல்ல விசாலமான வீடு. பக்கவாட்டில் தகரக் கொட்டகை ஒன்றும் இருந்தது. "மாமா வண்டி என் வீட்டில் நிக்கிறது எனக்குப் பாக்கியம்தானே மாப்பிள்ளை" என்றார். எழுத்து எதுவும் இல்லை. அத்தானிடம் யார் எழுதி வாங்குவார்கள்?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முப்பத்தாறு ஆண்டுகள் பிறரிடம் ஆவணம் கேட்டுப் பிழைத்தவன் நான். உரிமையாளர் இறந்தால் வாகனப் பதிவை வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு 31ஆம் எண் படிவம் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வாடிக்கையாளர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அப்பாவின் வண்டிப் புத்தகத்தை நான் மாற்றவில்லை. அந்தப் புத்தகத்தில் அவர் பெயருக்கு மேல் என் பெயரை ஏற்ற மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது சோம்பல். பாசம் என்று அதற்குப் பெயர் சூட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஆண்டுக்கு ஒரு முறை திருச்சி செல்லும்போது அத்தான் வீட்டில் தங்குவேன். டயர்கள் கெடாமலிருக்க வண்டியைச் செங்கல் அடுக்கின் மேல் ஏற்றி, மேலே தார்ப்பாய் போட்டு வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு அதைக் கழுவிச் சந்தனம் இட்டு, முருகனுக்குப் பூ வைப்பது அவர் வழக்கம். ஓய்வு பெற்றதும் வண்டியைச் செப்பனிட்டு ஓட்ட வேண்டும் என்று நான் ஒவ்வொரு ஆண்டும் சொல்வேன். 2016இல் ஓய்வும் பெற்றேன். மேற்கு மாம்பலத்தில் நான் வாங்கிய அடுக்ககத்தில் ஒரு வண்டிக்கு மட்டுமே இடம். அதில் மகனின் கார் நின்றது.

அத்தானுக்குத் துவாக்குடியில் இரும்புக் கட்டுமானப் பட்டறை இருந்தது. அருகிலுள்ள பெரிய கொதிகலன் ஆலை கொடுக்கும் வேலைகளை நம்பி அந்தப் பகுதியில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வளர்ந்தன. புதிய அனல்மின் நிலையங்களுக்கான வேலைகள் குறைந்தபோது அவை ஒவ்வொன்றாகச் சரிந்தன. அத்தானுடையதும் அதில் ஒன்று. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார் என்பது எனக்கு அரைகுறையாகத் தெரியும். கேட்கவில்லை. கேட்டால் உதவ வேண்டியிருக்குமோ என்ற எண்ணம் அடிமனத்தில் இருந்திருக்கலாம்.

கடன் தவணை தொண்ணூறு நாட்களுக்கு மேல் நின்றுபோனால் அது வாராக் கடன். 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி முதலில் அறுபது நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்பும். பணம் வராவிட்டால் சுவாதீன அறிவிப்பைக் கதவில் ஒட்டும். இரண்டு நாளிதழ்களில் வெளியிடும். பிறகு மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ ஆணை பெற்று வீட்டைக் கைப்பற்றும். இந்த ஒவ்வொரு படியிலும் என் கையெழுத்து எத்தனையோ கோப்புகளில் இருக்கிறது. பணியில் இருந்தவரை நாளிதழ் வந்ததும் அந்த அறிவிப்புப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். ஓய்வு பெற்ற பிறகு அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அத்தான் வீட்டின் அறிவிப்பு வந்த நாளிதழ் எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். பழைய பேப்பரோடு போயிருக்கும்.

2018 ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்பு தொலைபேசியில் அழைத்தேன். "அத்தான், வண்டியைக் கழுவியாச்சா?" என்றேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "வண்டி இல்ல மாப்பிள்ளை. வீடும் இல்ல" என்றார்.

அன்றிரவே மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினேன். நடந்தது இதுதான். மார்ச் மாதத்தில் அதிகாரிகள் வந்து வீட்டைப் பூட்டிவிட்டார்கள். ஜூன் மாதம் ஏலம். வாங்கியவர் ஆகஸ்ட் மாதம் வீட்டை இடித்துவிட்டார். அத்தானும் அக்காவும் மண்ணச்சநல்லூரில் ஒரு சிறு பகுதியில் வாடகைக்கு இருந்தார்கள். ஏழு மாதங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை! எனக்கு வந்த கோபத்தில், வீட்டை இழந்த மனிதரிடம் வண்டியைப் பற்றி மட்டுமே கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கொடுத்த காபியை நான் குடிக்கவில்லை.

வங்கிக்குப் போனேன். என் மகனை விட இளையவரான அதிகாரி ஒருவர் மிகுந்த மரியாதையோடு கோப்பை எடுத்தார். வங்கிக்கு அடமானம் நிலமும் கட்டடமும்தான். உள்ளே இருக்கும் பொருள்கள் வங்கிக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. ஆகவே சாட்சிகளை வைத்துக்கொண்டு அவற்றுக்குப் பட்டியல் எடுப்பார்கள். எடுத்துச் செல்லுமாறு கடன்தாரருக்குக் கடிதம் அனுப்புவார்கள். கடிதம் முறையாக அத்தானுக்குப் போயிருந்தது. பதினைந்து நாள் அவகாசம். செங்கல் மேல் நிற்கும் வண்டியைத் தூக்க ஆளும், கொண்டுபோக லாரியும், வைக்க இடமும் வேண்டும். அவரிடம் மூன்றும் இல்லை.

பட்டியலின் நகலைக் காட்டினார். பதினான்காவது வரி: "பழுதடைந்த பழைய கார் – 1. ஓடாத நிலை."

"வண்டி உங்களுடையது என்பதற்கு ஏதாவது பேப்பர் இருக்கா சார்?" என்று கேட்டார். வண்டிப் புத்தகம் அப்பா பெயரில். பதிவு எப்போதோ காலாவதி. அங்கே வைத்திருந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நானும் வங்கி அதிகாரியாக இருந்தவன் என்று சொன்னேன். அந்தப் பிள்ளை உடனே எழுந்து நின்றார். பிறகு தயங்கியபடி, "அப்ப நீங்களே சொல்லுங்க சார். என் இடத்தில் நீங்க இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியும்.

2009இல் தென்மாவட்டம் ஒன்றில் கிளை மேலாளராக இருந்தேன். ஒரு வீட்டைக் கைப்பற்றி ஒரு மாதம் ஆகியிருக்கும். வயதான அம்மையார் ஒருவர் வந்து என் மேசைக்கு எதிரே நின்றார். பூட்டிய வீட்டுக்குள் தம் தையல் இயந்திரம் இருக்கிறது என்றார். தம் வீடு ஒழுகுகிறது என்று மழைக்காலத்தில் அங்கே கொடுத்து வைத்தாராம். "ரசீது இருக்கிறதா?" என்று கேட்டேன். இல்லை. வீட்டுக்காரரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னேன். வீட்டுக்காரர் ஊரை விட்டே போய்விட்டார் என்றார். அப்படியானால் விதியில் இடமில்லை என்றேன். அவர் அழவில்லை, சண்டையிடவில்லை. "சரிங்க ஐயா" என்று கைகூப்பிவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை. அந்தக் கோடையில் எனக்கு மாற்றல் வந்தது. அந்தப் பட்டியலில் "பழைய தையல் இயந்திரம் – 1" என்று எழுதி, கீழே கையெழுத்திட்டவன் நான்தான்.

வங்கியிலிருந்து இரும்புக் கடைக்குப் போனேன். வீட்டை இடித்த ஒப்பந்தக்காரர் வழி சொன்னார். கடைக்காரருக்கு வண்டி நன்றாக நினைவிருந்தது. "நீலக் கார்தானே ஐயா? அதை வெட்டவே வேண்டியதில்லாம போச்சு. பகுதி பகுதியா போல்ட்டு போட்டு மாட்டியிருந்தான். ஸ்பேனர் வச்சே கழட்டிட்டோம்" என்று வியந்து சொன்னார். ஹெரால்டின் அமைப்பு அப்படித்தான். அடிச்சட்டத்தின் மேல் உடலைத் துண்டு துண்டாகப் பொருத்தியிருப்பார்கள். பழுது பார்க்க எளிது என்று அப்பா புகழ்ந்த அதே அமைப்பு. தகடுகள் எடைக்குப் போய் இரண்டு மாதமாகிவிட்டது.

உள்ளே ஒரு முருகன் படம் இருந்ததே என்று கேட்டேன். அவர் என்னைக் கடையின் பின்புறம் அழைத்துப் போனார். அங்கே ஒரு வேப்பமரம். அதன் அடியில் உடைந்த வண்டிகளிலிருந்து எடுத்த தெய்வ உருவங்கள் வரிசையாக இருந்தன. கை உடைந்த பிள்ளையார்கள், சாயம் போன வேல்கள், ஏழுமலையான், வேளாங்கண்ணி மாதா, பச்சை நிறப் பிறை போட்ட தகடு ஒன்று. "இதையெல்லாம் உருக்க அனுப்ப மாட்டோம் ஐயா. மனசு வராது. யாராச்சும் தேடிட்டு வந்தா கொடுத்துடுவோம்" என்றார். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கள் முருகன் அங்கே இல்லை. இத்தனை வண்டிகளும் ஒரு நாள் ஏதோ ஒரு கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்டவைதானே என்று தோன்றியது. அந்த மரத்தடியிலேயே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக அத்தானோடு பேசவில்லை. அக்கா இரண்டு முறை அழைத்தார், எடுக்கவில்லை. உறவில் ஒரு கல்யாணத்துக்கு அவர் வருவார் என்று தெரிந்து, நான் போகவில்லை.

மாம்பலத்தில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், வாரம் ஒரு நாள் கூடிப் பெரிய புராணம் வாசிப்பது வழக்கம். 2020 தை விசாகம், திருநீலகண்ட நாயனார் குருபூஜை நாள். அவருடைய புராணத்தை எடுத்தோம். வாசகர்கள் அறிந்த கதைதான். தில்லையில் வாழ்ந்த குயவர். சிவனடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பவர். ஒரு சிவயோகி வந்து தம் ஓட்டைக் கொடுத்து, பத்திரமாக வைத்திரு, நான் கேட்கும்போது தா என்கிறார். பிறகு அவரே அதை மறைத்துவிடுகிறார். திரும்பி வந்து கேட்கும்போது குயவர் வீடெல்லாம் தேடுகிறார். காணோம். இதைவிட நல்ல ஓடு செய்து தருகிறேன் என்கிறார். யோகியோ, பொன்னாலே செய்து கொடுத்தாலும் வேண்டாம், நான் தந்த அதே ஓடுதான் வேண்டும் என்கிறார். மனைவியின் கையைப் பிடித்துச் சத்தியம் செய் என்று தில்லைவாழ் அந்தணர் சபைவரை இழுக்கிறார்.

சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை இதைக் கேட்டிருக்கிறேன். எப்போதும் நம் மனம் குயவர் பக்கம்தான் நிற்கும். தொலைத்தவனின் வெட்கம், எதையும் நிரூபிக்க முடியாத தவிப்பு, ஊரார் முன் நிற்க நேரும் அவமானம். அன்று வாசிப்பது என் முறை. யோகியின் பேச்சைப் படிக்கும்போது என் குரல் எனக்கே கேட்டது. மண்ணச்சநல்லூரில் அந்தச் சிறு வீட்டின் நடுவே நின்று நான் பேசிய பேச்சு அது. புராணத்தில் ஓட்டை மறைத்தவரும் கேட்டவரும் ஒருவரே. அடியாரின் பெருமையை உலகுக்குக் காட்ட ஆடிய ஆட்டம். இறைவன் அப்படிக் கேட்கலாம். நான் யார்? பதினான்கு ஆண்டுகள் வாடகை கேட்காமல், தார்ப்பாய் மாற்றி, பூ வைத்து, என் அப்பாவின் வண்டியைக் காத்தவரிடம் நான் ஒரு நாளாவது, "உங்கள் கடன் எவ்வளவு அத்தான்?" என்று கேட்டிருக்கிறேனா? மேலே படிக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த நண்பர் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். திருப்புலீச்சரக் குளத்தில் மூங்கில் தண்டின் இரு முனைகளைப் பிடித்துக் கணவனும் மனைவியும் மூழ்கி, இளமை பெற்று எழும் இடத்தை அவர்தான் படித்து முடித்தார்.

மறுநாள் காலை திருச்சி போய் இறங்கினேன். முன்னறிவிப்புச் செய்யவில்லை, செய்தால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். கதவைத் திறந்த அக்கா எதுவும் கேட்காமல், "வாங்க தம்பி" என்று உள்ளே போய் அடுப்பை மூட்டினார். அத்தான் மிகவும் மெலிந்திருந்தார்.

சமையலறை மூலையில் பலகை அடித்து அதைப் பூஜை மாடமாக வைத்திருந்தார்கள். நடுவில் எங்கள் முருகன். அதே பித்தளைச் சட்டம். ஓரத்தில், கழற்றும்போது ஏற்பட்ட நெளிவு. பக்கத்தில் ஆணியில் ஹெரால்டின் சாவி தொங்கியது.

பூட்டு வைக்க வந்த அன்று வீட்டைக் காலி செய்ய இரண்டு மணி நேரம் கொடுத்தார்களாம். அக்கா பாத்திரங்களையும் துணிகளையும் எடுத்துக் கட்டும்போது அத்தான் திருகுளியைத் தேடிக்கொண்டு கொட்டகைக்கு ஓடியிருக்கிறார். "நகைப்பெட்டியைக் கூட நான்தான் எடுத்தேன் தம்பி. இவர் அதை நெம்பிக்கிட்டு இருந்தார்" என்றார் அக்கா.

"அன்னைக்கே ஏன் அத்தான் சொல்லல?" என்றேன்.

"வண்டியைத் தொலைச்சுட்டு, இந்தா படம்னு நீட்ட எனக்கு எந்த முகம் இருக்கு மாப்பிள்ளை?" என்றார். படத்தை எடுத்து என்னிடம் கொடுக்க வந்தார். அது இங்கேயே இருக்கட்டும் என்றேன். இரண்டு முறை வற்புறுத்தினார். பிறகு மறுபடி மாடத்தில் வைத்துவிட்டார்.

அன்று பிற்பகல் முழுவதும் அவருடைய கடன் கணக்கைப் பார்த்தோம். ஏலத்தில் வந்த பணம் போக இன்னும் எவ்வளவு பாக்கி, ஒரே தவணையில் முடிக்க என்ன வழி என்றெல்லாம் எனக்குத் தெரிந்த தொழில் அதுதானே. எட்டு ஆண்டுகளுக்கு முன்பே உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டிய கணக்கு. தையல் இயந்திரக் கதையையும் சொன்னேன். அத்தான் கேட்டுவிட்டு, "அந்த அம்மா பேர் என்ன?" என்றார். எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை. பழைய கிளைக்கு எழுதிப் பார்த்தேன். கோப்பு ஆவணக் கிடங்குக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. மீண்டும் எழுதியிருக்கிறேன்.

அந்த மாதக் கிருத்திகைக்கு நாங்கள் மூவரும் வயலூர் போனோம். மண்ணச்சநல்லூரிலிருந்து சத்திரம் பேருந்து நிலையம். அங்கிருந்து வயலூருக்கு வேறு பேருந்து. நல்ல கூட்டம். அக்காவுக்கு ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தார். நானும் அத்தானும் கம்பியைப் பிடித்தபடி நின்றோம். சட்டைப் பையில் ஹெரால்டின் சாவி இருந்தது. வாசலில் இறங்கியதும், "இங்கதானே மாப்பிள்ளை அது நமஸ்காரம் பண்ணிச்சு?" என்று அத்தான் கேட்டார். அப்பா வண்டியை நிறுத்திய இடத்தைக் காட்டினேன். அங்கே இப்போது ஒரு தேங்காய்க் கடை இருக்கிறது. அதில் அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம்.